மாடு ஏலம் போகிறதா, சுங்கம் ஏலம் போகிறதா?

(மாட்டுச் சந்தைச் சீர்திருத்தம் கோரும் ஆர்ப்பாட்டத்தை ஒட்டி நடந்த விளக்கக் கூட்டத்தில் நமது சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

   

நம்ம பகுதியில் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம் நடத்தும் வாரச் சந்தைகளுக்குக் கெடு முடிகிற போதெல்லாம் ஏல அறிவிப்பு ஒட்டுறாங்க. முன்வைப்புத் தொகை கட்டி, ஆள் கூடி, வாய்விட்டுக் கேட்டு, அதிகத் தொகை கேட்டவருக்கு விடுறாங்க. அங்கே ஏலம் போவது என்ன? மாடா? மாட்டுக்குச் சுங்கம் வசூலிக்கும் உரிமை! சுங்கத்துக்குப் பகிரங்க ஏலம், நாலு பேர் சாட்சி, கையெழுத்து, ரசீது. ஆனால் நாம் மூணு வருஷம் வளர்த்த கிடாரி அதே சந்தைக்குள் போனால், அதன் விலை ஒரு துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து முடிகிறது. மாட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில்தான் நிற்கிறார். அவருக்குத் தெரிவது துண்டு ஆடுவது மட்டும்தான். இந்த அநியாயத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறோம்.

பருத்தி கொண்டு போகிறோம். மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடை போட்டு, தரம் பிரித்து, ஏலம் விடுறாங்க. தேங்காய்ப் பருப்பு கொண்டு போனால் வெள்ளகோவிலிலும் அப்படித்தான். பால் ஊற்றினால் சொசைட்டியில் கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று பார்த்து விலை போடுறாங்க. அதே தோட்டத்தில் விளைந்த பருத்திக்கு எடை உண்டு, அதே மாடு கறந்த பாலுக்கு அளவு உண்டு. மாட்டுக்கு மட்டும் ஏன் இல்லை?

"சந்தை வழக்கம், மாத்த முடியாதுங்க" என்று சொல்றவங்களுக்கு ஒன்று சொல்கிறோம். விளைபொருளுக்கும் இந்த நாட்டில் ஒரு காலத்தில் மூடு விலைதான். 1928-இல் விவசாயத்துக்கான ராயல் கமிஷன், சந்தைகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 1933-இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. 1936-இல் நம்ம திருப்பூரில்தான் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறைச் சந்தை திறந்தார்கள். ஆக, துண்டை எடுத்துப் போட்டுவிட்டு வெளிப்படையாக விலை பேசும் பழக்கம் இந்த மாகாணத்துக்கு நம்ம மண்ணிலிருந்து போனது. பருத்திக்கு முடிந்தது மாட்டுக்கு முடியாதா?

இதில் அதிகம் அடிபடுவது யார்? கொட்டிலில் கட்டி வைத்துத் தீவனம் போடுபவரும் அடிபடுகிறார். ஆனால் மேய்ச்சலை நம்பி மாடு வளர்ப்பவருக்குத்தான் அடி பலம். காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர், கரூர்ப் பக்கம் அரவக்குறிச்சி, க.பரமத்தி வரைக்கும் நம்ம கொறங்காடு பரவியிருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மழை காலத்தில் புல், கோடையில் வேலங்காய். வாய்க்கால் தண்ணீர் இல்லாத மண்ணில், மழையை மட்டும் நம்பி, மாட்டை வளர்த்து, சாணத்தால் மண்ணையும் வளர்த்த முறை இது. காங்கயம் இனமே இந்தக் காட்டுக்குள் உருவான இனம்தான்.

இந்த மாட்டின் அருமை, விலைக்குத் தீவனம் வாங்காமல் உடம்பைக் காப்பாற்றிக் கொள்வதில் இருக்கிறது. வெயிலில் நடக்கும், முள்ளுக்குள் மேயும், காய்ந்த புல்லில் வயிறு நிறைக்கும், வருஷத்துக்கொரு கன்று போடப் பார்க்கும். சந்தையில் இதற்கு விலை போடுகிறார்களா? கறவைக்கு வாங்குபவர் லிட்டரைக் கேட்கிறார். கறிக்கு வாங்குபவர் கிலோவை மனசில் போடுகிறார். புல்லில் பிழைக்கும் குணத்துக்கு யாரும் ஒரு ரூபாய் சேர்ப்பதில்லை. அந்தக் குணத்துக்கு விலை இல்லாவிட்டால் கொறங்காட்டுக்கும் விலை இல்லை. அப்புறம் வேலியைப் பிடுங்கிவிட்டு மனைக்கல் நடுவார்கள், சோலார் தகடு நிறுத்துவார்கள். சந்தைப் பிரச்சினை நிலப் பிரச்சினை ஆவது இப்படித்தான்.

விற்பவர் ஏமாறுவது ஒரு பக்கம். வாங்கும் விவசாயியும் அதே சந்தையில்தான் ஏமாறுகிறார். ஆகவே கோரிக்கைக்குப் போகும் முன்னால், மேய்ச்சலுக்கு மாடு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். கோரிக்கை நிறைவேறும் வரைக்கும் மாடு வாங்காமல் இருக்க முடியாது பாருங்க.

முதலில் புல்லை அளக்கணும், அப்புறம்தான் சந்தைக்குப் போகணும். கொறங்காட்டில் சுமாரான ஓர் இடத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டு, புல்லை அறுத்து, காய வைத்து எடை போடுங்க. இப்படி நாலைந்து இடத்தில் செய்து சராசரி எடுங்க. உதாரணத்துக்கு 150 கிராம் வருகிறது என்று வையுங்க. ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். ஆக 600 கிலோ காய்ந்த புல். முழுவதையும் மேய விட்டால் அடுத்த மழைக்கு வேர் தளிர்க்காது. பாதியை விடணும். மீதி 300 கிலோ. 300 கிலோ எடையுள்ள மாடு தன் எடையில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு காய்ந்த தீனி தின்னும். நாளுக்கு 7 கிலோ என்று வைத்துக் கொள்ளலாம். ஒரு ஏக்கர் ஒரு மாட்டுக்கு 43 நாள் வரும். நாலு ஏக்கர் இருந்தால் ஐந்தரை மாசம் தாங்கும். இந்தக் கணக்கு கையில் இல்லாமல் போனால், "விலை சகாயமா இருக்குது" என்று இரண்டுக்கு நாலாகப் பிடித்து வந்து, சித்திரையில் அதே நாலையும் பாதி விலைக்கு விடும்படி ஆகும்.

விலை எப்போது சகாயம் ஆகும்? ஊரெல்லாம் புல் காய்ந்து போனால் ஆகும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்த மாதிரிக் காலத்தில் சந்தையில் மாடு மலிவாகக் கிடைக்கும், வாங்கி வந்தால் போட வைக்கோல் கிடைக்காது. தன் காட்டில் புல் இருக்கும்போது வாங்குவதுதான் மேய்ச்சல்காரருக்கு லாபம். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து புல் தலை தூக்கிய பிறகு, விலை கொஞ்சம் கூடவே இருந்தாலும், அதுதான் வாங்கும் காலம்.

சந்தைக்குள் போனதும் மாட்டின் அழகைப் பார்க்க வேண்டாம். மயிலையா, பிள்ளையா, செவலையா, காரியா என்பது அப்புறம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நமக்கு யாரும் தானம் தரவில்லையே, பணம் எண்ணித்தானே தருகிறோம்! பல்லைப் பாருங்க. பால் பல் விழுந்து இரண்டு பல் முளைத்தால் சுமார் இரண்டு வயசு. நாலு பல் என்றால் மூணு வயசுக்குள். எட்டுப் பல்லும் சேர்ந்தால் நாலு, நாலரை தாண்டிவிட்டது. கிழட்டு மாட்டுக்குப் பல் தேய்ந்து, இடையில் சந்து விழுந்திருக்கும். கொட்டிலில் தவிடு, புண்ணாக்கு வைத்தால் அந்த மாடு இன்னும் இரண்டு ஈத்து கறக்கலாம். காய்ந்த கொழுக்கட்டைப் புல்லைக் கடித்து இழுக்க அதனால் முடியாது. மேய்ச்சலுக்கு இரண்டு பல், நாலு பல் கிடாரியோ, தலைஈத்து மாடோதான் ஏற்றது.

அடுத்தது கால். நாலு எட்டு நடக்க விட்டுப் பின்னால் இருந்து பாருங்க. முன்னங்கால் வைத்த தடத்திலோ அதற்குப் பக்கத்திலோ பின்னங்கால் விழணும். குளம்பு இறுக்கமாக, சமமாகத் தேய்ந்திருந்தால் நடந்து மேய்ந்த மாடு. குளம்பு நீண்டு, விரிந்து கிடந்தால் கட்டிப் போட்டு வளர்த்த மாடு. அது முதல் வாரமே முள் காட்டில் நொண்டும். "இது எங்கே மேஞ்ச மாடு? என்ன தின்னு பழக்கம்?" என்று உடையவரிடமே கேளுங்க. தாயோடு திரிந்து புல்லைப் பழகிய கன்றுக்கு எதைக் கடிக்கணும், எதை விடணும் என்று தெரியும். தொட்டித் தீவனத்தில் வளர்ந்த மாட்டைத் திடீரென்று காட்டில் விட்டால் ஒரு மாசத்தில் விலா எலும்பு தெரியும்.

கறவை மாடு என்றால் நாலு காம்பையும் நாமே பீய்ச்சிப் பார்க்கணும். கறுப்புத் துணியில் பீய்ச்சினால் திரிந்த பால் கட்டி கட்டியாகத் தெரியும். மடி பெரிதாகத் தெரிய வேண்டும் என்று முதல் நாளே கறக்காமல் கட்டி வந்து நிறுத்துவது உண்டு. வேறு மாட்டின் கன்றைப் பக்கத்தில் விடுவது உண்டு. கொம்பு வளையத்தை அரத்தால் ராவி ஈத்துக் கணக்கை மறைப்பது உண்டு. உப்பைத் தின்னக் கொடுத்துத் தண்ணீர் காட்டி வயிற்றை நிரப்புவது உண்டு. சினை என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், கால்நடை மருத்துவர் கை விட்டுப் பார்த்துச் சொல்லணும். சுழி விஷயமும் அப்படித்தான். அவரவர் நம்பிக்கையில் நாங்கள் கை வைக்கவில்லை. ஆனால் நாம் விற்கப் போனால் "பாடைச்சுழி இருக்குதுங்க" என்று ஐயாயிரம் குறைப்பதும், அதே மாட்டை நம்மிடம் விற்க வந்தால் சுழியே தெரியாததும் என்ன நியாயம்?

எடைக்கு ஒரு வழி உண்டு. தையல்காரர் டேப் ஒன்றை மடியில் வைத்துக் கொள்ளுங்க. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு எத்தனை அங்குலம், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் எத்தனை அங்குலம் என்று அளங்க. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் உத்தேச எடை கிலோவில் வரும். 60 அங்குலம் சுற்று, 50 அங்குலம் நீளம் என்றால் ஏறத்தாழ 272 கிலோ. விற்கப் போகிறவர்கள் வீட்டிலேயே இந்தக் கணக்கைப் போட்டுக் கொண்டு போனால், துண்டுக்கடியில் என்ன நடந்தாலும் நம் மனசில் ஒரு விலை இருக்கும்.

அரசுக் கால்நடைப் பண்ணைகளில் சில சமயம் மாடுகளைப் பொது ஏலத்தில் விடுவார்கள். வெளிப்படையான ஏலம் என்ற அளவில் நல்லதுதான். ஆனால் பட்டியலில் "கழிவு" என்று போட்டிருந்தால் ஏன் கழித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்து கொண்டுதான் கை தூக்கணும். சினை நிற்காததாலா, மடி நோயாலா, வயசாலா? பதிவேடு அங்கே இருக்கும். கேட்பது நம் உரிமை.

வாங்கி வந்த மாட்டை அன்றைக்கே மந்தையில் விடக்கூடாது. மூணு வாரம், முடிந்தால் ஒரு மாசம் தனியாகக் கட்டணும். தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கணும். உண்ணி பார்த்து எடுத்து, குடற்புழு மருந்து கொடுத்த பிறகே காட்டுப் படலைத் திறக்கணும். கோமாரி ஒரு சந்தை நாளில் பத்து ஊருக்குப் போகிற நோய். தோல் கழலை நோய் 2019-இல் இந்தியாவுக்குள் நுழைந்து, 2022-இல் குஜராத், ராஜஸ்தானில் மாடுகளை வாரிக் கொண்டு போனது நமக்கெல்லாம் தெரியும். கருச்சிதைவு நோய் இன்னும் ஆபத்து. ஒரு மாடு காட்டில் கன்று வீசினால் அந்தக் கசிவு பட்ட புல்லை மேயும் மாட்டுக்கும் தொற்றும். மனிதருக்கும் தொற்றி நாள்பட்ட காய்ச்சல் வரும். இரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்கும் 2019 முதல் மத்திய அரசின் தடுப்பூசித் திட்டம் இருக்கிறது. கோமாரிக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. கருச்சிதைவு நோய்க்கு 4 முதல் 8 மாச வயசுக் கிடாரிக் கன்றுகளுக்கு ஒரே தடவை. போட்டதற்கு அடையாளமாகக் காதில் 12 இலக்க எண்ணோடு வில்லை மாட்டுகிறார்கள். அந்த எண்ணைச் சந்தையில் யார் கேட்கிறார்கள்? எந்த ரசீதில் எழுதுகிறார்கள்? அரசு செலவு செய்து மாட்டுக்கு எண் கொடுத்திருக்கிறது, அந்த எண் சந்தை வாசலோடு செத்துப் போகிறது.

ரசீது இல்லாததால் இன்னொரு கஷ்டம். வண்டியில் மாட்டை ஏற்றி வந்தால் வழியில் நிறுத்துகிறார்கள். வளர்ப்புக்கு என்று சொன்னால், "என்ன ஆதாரம்?" என்று கேட்கிறார்கள். 1978-ஆம் வருஷத்து விலங்கு ஏற்றிச் செல்லும் விதிப்படி மாடு பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். சந்தையில் மருத்துவரே இல்லாவிட்டால் சான்றுக்கு விவசாயி எங்கே போவார்?

2017 மே 23-ஆம் தேதி மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளைக் கொண்டு வந்தது. இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்றது. வாங்கியவர் ஆறு மாசத்துக்கு விற்கக் கூடாது என்றது. வயசான மாட்டை விற்க வழியில்லாமல் புது மாடு வாங்குவது எப்படி? மே 30-ஆம் தேதி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை கொடுத்தது. ஜூலை 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதுக்கும் விரித்தது. சரி. ஆனால் அதே விதிகளில் சந்தைக்குத் தண்ணீர், நிழல், தீவனத் தொட்டி, ஏற்றி இறக்கச் சாய்மேடை, மருத்துவ வசதி என்றும் எழுதியிருந்தது. விற்கும் உரிமையில் கை வைப்பதைத்தான் நாம் எதிர்க்கிறோம். தண்ணீர்த் தொட்டியை யாரும் எதிர்க்கவில்லை. விதிக்குத் தடை வந்ததைச் சாக்காக வைத்து, ஒரு வேப்பமரம்கூட நடாமல் சுங்கத்தை மட்டும் கூட்டிக் கொண்டே போவதை ஏற்க முடியாது.

வெளிப்படை ஏலம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்று நம்ம சங்கத்துக்குள்ளேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலம் ரோமா என்ற ஊரில் பெரிய மாட்டுச் சந்தை இருக்கிறது. மாட்டை எடை மேடையில் ஏற்றி, கிலோவுக்கு இத்தனை என்று எல்லோர் காதிலும் விழும்படி ஏலம் கேட்கிறார்கள். காது வில்லை எண்படி மாடு கை மாறுவது பதிவாகிறது. அங்கே கறிக்குப் போகும் மாடுதான் அதிகம், ஆகவே கிலோ கணக்கு பொருந்துகிறது. நம்ம மேய்ச்சல் கிடாரிக்குக் கிலோ மட்டும் போதாது. எடையோடு வயசு, ஈத்து, சினை, தடுப்பூசி, மேய்ந்த இடம் எல்லாம் ஒரு அட்டையில் எழுதி, சத்தமாகப் படித்து ஏலம் விடணும். அப்போதுதான் புல்லில் பிழைக்கும் குணத்துக்கும் ஒரு விலை ஏறும். தரகர்களும் நம்ம ஊர்க்காரர்கள்தான், பலர் மாடு அறிந்தவர்கள். அவர்கள் பிழைப்பைக் கெடுக்க வரவில்லை. பதிவு செய்து கொண்டு, தரகு இவ்வளவு என்று பகிரங்கமாக வாங்கட்டும்.

நமது கோரிக்கைகள்:

1. சந்தை நாளில் ஒவ்வொரு மாட்டுச் சந்தையிலும் அரசு கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும். நோய்க்குறி உள்ள மாட்டை வாசலிலேயே தனியாக நிறுத்த வேண்டும்.

2. கால்நடை எடை மேடை அமைத்து, எடைச் சீட்டுக் கொடுக்க வேண்டும்.

3. விரும்பும் விவசாயிகள் வெளிப்படை ஏலத்தில் விற்க ஒவ்வொரு சந்தையிலும் தனிக் களம் ஒதுக்க வேண்டும்.

4. காது வில்லை எண், வயசு, விலை, தேதியோடு விற்பனை ரசீது கட்டாயம் ஆக்க வேண்டும்.

5. மறைத்த குறை தெரிய வந்தால் ஏழு நாளுக்குள் மாட்டைத் திருப்பிக் கொடுக்க வழி செய்ய வேண்டும்.

6. சுங்க விகிதத்தைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். குத்தகைப் பணத்தில் ஒரு பங்கைத் தண்ணீர், நிழல், சாய்மேடைக்குச் செலவிட வேண்டும்.

7. தரகர்களைப் பதிவு செய்து, தரகுக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும்.

இந்த ஏழில் ஒன்றுகூட நடக்காத காரியம் கிடையாது. எடை மேடை விற்பனைக் கூடத்தில் இருக்கிறது. மருத்துவர் துறையில் இருக்கிறார். எண் மாட்டின் காதில் இருக்கிறது. மூன்றையும் ஒரே இடத்தில் கூட்டி வைக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

ஆர்ப்பாட்டத்துக்கு வரும்போது வெறுங்கையோடு வர வேண்டாம். சந்தையில் கடைசியாக நீங்கள் விற்ற மாடு, வாங்கிய மாடு, கட்டிய சுங்கம், கொடுத்த தரகு, ரசீது உண்டா இல்லையா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாருங்கள். கலெக்டரிடம் மனுவோடு அந்தத் தாள்களையும் சேர்த்தே கொடுப்போம். ஊர்க் கிளைப் பொறுப்பாளர்கள் எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மாட்டைக் கவனிக்க ஆள் வைத்துவிட்டு, வீட்டுக்கு ஒருவர், தாய்மார்களையும் சேர்த்து, தவறாமல் வாருங்கள்.

துண்டை விலக்கு! விலையைக் காட்டு!
சுங்கத்துக்கு ஏலம், மாட்டுக்கு இருட்டா?
கொறங்காட்டைக் காப்போம்! காங்கயம் மாட்டைக் காப்போம்!